ஆழத்துக்குப் போகும் கார்பன்: கடலூர், புதுச்சேரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் பள்ளிகளில் நிலவியல் பற்றிப் பேசப் போகும்போதெல்லாம், சுனாமியில் தொடங்கும் பேச்சு கார்பனில் வந்து நிற்கிறது. மாணவர்கள் கேட்பதையே ஆசிரியர்களும் கேட்கிறார்கள். அழைத்துப் போக வந்த பெற்றோரும் வாசலில் நிறுத்திக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளை அவரவர் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை வைத்தே நகர்வதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

ஐயா, கார்பன் என்றால் புகையும் கரியும்தானே? பூமிக்கு அடியில் அதற்கு என்ன வேலை?

புகையாகவும் கரியாகவும் நாம் பார்ப்பது மிகச் சிறிய பங்கு. காற்று, கடல், மண், உயிர்கள் எல்லாவற்றிலும் சேர்த்து இருக்கும் கார்பன் சுமார் 43.5 லட்சம் கோடி டன். பூமி முழுவதிலும் இருப்பது இதைப்போல 40,000 மடங்குக்கு மேல் என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. 2009 முதல் 2019 வரை பல நாட்டு அறிஞர்கள் சேர்ந்து நடத்திய ஆழ்கார்பன் ஆய்வுத் திட்டம் தந்த கணக்கு அது. மேலோட்டுப் பாறைகளிலும், சுமார் 2,900 கி.மீ. ஆழம் வரை உள்ள கவசத்திலும், நடுவிலுள்ள இரும்புக் கருவத்திலும் அந்தக் கார்பன் இருக்கிறது.

மேலே இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் இடையே போக்குவரத்து உண்டு. பூமியின் மேற்பகுதி மெல்ல நகரும் பெரும் பாறைத் தட்டுகளால் ஆனது. அவற்றில் கடலடித் தட்டுகள் கார்பனைச் சுமந்துகொண்டு உள்ளே இறங்குகின்றன. எரிமலைகள் அதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. இதைத்தான் ஆழ்கார்பன் சுழற்சி என்கிறோம். ஒரு சுற்று முடியப் பல கோடி ஆண்டுகள் ஆகலாம்.

தட்டு உள்ளே போகிறது என்கிறீர்களே, நம் சில்வர் பீச்சுக்கு அடியிலா?

இல்லை. நம் கரை நிலத்துக்குத்தான் ஓரம், தட்டுக்கு ஓரம் அல்ல. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் கிழக்கு அண்டார்க்டிகாவும் பிரிந்தபோது கிழிந்த விளிம்பு இது. கிழிசலில் கடல் புகுந்து விரிந்தது. அதற்குப் பிறகு கடலூர் நிலமும் எதிரே உள்ள கடலடியும் ஒரே தட்டாகச் சேர்ந்தே நகர்கின்றன. ஒன்றின் கீழ் ஒன்று போவதற்கு இங்கே இடமில்லை. அதனால் எரிமலையும் இல்லை.

ஒரு தட்டு இன்னொன்றின் கீழ் இறங்கும் அமிழ்தல் நடப்பது கிழக்கே, அந்தமான், நிக்கோபார், சுமத்ரா தீவுகளுக்கு மேற்கே நீண்டு கிடக்கும் அகழியில். இந்தியத் தட்டின் கடலடிப் பகுதி அங்கே பர்மா தட்டின் கீழ் இறங்குகிறது. நெடுங்காலம் பூட்டிக்கொண்டு நின்ற அந்தச் சந்திப்பு 2004 டிசம்பர் 26 காலை சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்கு விடுபட்டது. எழுந்த அலை இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் கழித்துத் தேவனாம்பட்டினத்தை அடித்தது. அந்த அமிழ்தலால் உயிரோடு இருக்கும் எரிமலை ஒன்றும் நமக்கு நேர் எதிரே உண்டு. புதுச்சேரியிலிருந்து ஏறக்குறைய நேர் கிழக்கே சுமார் 1,500 கி.மீ. போனால் பாரன் தீவு வரும். 1991-ல் மீண்டும் விழித்துக்கொண்ட இந்தத் தீவுதான் இந்திய எல்லைக்குள் இன்று செயல்படும் ஒரே எரிமலை.

சரி, காற்றில் இருக்கும் வாயு தட்டின் மேல் எப்படி ஏறும்?

மழைதான் முதல் படி. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிதளவு கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகப் பாறையில் இறங்குகிறது. கருங்கல்லில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் போன்ற கனிமங்கள் மெல்லச் சிதைய, கால்சியமும் பைகார்பனேட்டும் தண்ணீரோடு சேர்கின்றன. நந்தி மலைப் பக்கம் பிறந்து கடலூரில் கடல் சேரும் தென்பெண்ணை, மணலைத் தவிர இதையும் கொண்டுவருகிறது. கடலில் உள்ள மிதவை நுண்ணுயிர்கள் அதிலிருந்து ஓடு செய்துகொள்கின்றன. அவை செத்ததும் ஓடுகள் அடியில் விழுந்து சுண்ணாம்புச் சேறாகின்றன. பாறை சிதையும்போது காற்றிலிருந்து எடுத்த வாயுவில் பாதி, ஓடு உருவாகும்போது திரும்பிவிடும். மீதிப் பாதி கல்லில் தங்கிவிடும். (சுண்ணாம்புக்கல்லே கரைந்து மீண்டும் சுண்ணாம்பானால் காற்றுக்கு நிகர லாபம் எதுவும் இல்லை. கருங்கல் போன்ற சிலிக்கேட் பாறை சிதைவதுதான் கணக்கில் வரும்.)

எல்லாக் கடலடியிலும் சுண்ணாம்பு தங்காது. ஏறக்குறைய 4,500 மீட்டருக்குக் கீழே குளிரும் அழுத்தமும் மிக்க நீர் ஓடுகளைக் கரைத்துவிடும். ஆகவே எந்தத் தட்டு எவ்வளவு சுமக்கிறது என்பது இடத்துக்கு இடம் பெரிதும் மாறும். சேற்றைத் தவிர வேறு வழிகளும் உண்டு. கடலடியில் குழம்பு உறைந்து உருவான பசால்ட் என்ற கரும்பாறையின் விரிசல்களில் கடல்நீர் ஓடி, அங்கேயே கார்பனேட்டை, அதாவது சுண்ணாம்பு வகைக் கனிமத்தை, நிரப்புகிறது. செடிகொடிகள் மக்கிய பொருளும் ஆற்று வண்டலோடு வருகிறது. வங்காள விரிகுடா இதில் தனிச் சிறப்புடையது. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையை அரித்துக் கொட்டிய வண்டல் கடலடியில் சுமார் 3,000 கி.மீ. நீளத்துக்கு விசிறியாகப் பரவிக் கிடக்கிறது. வண்டல் வேகமாக மூடிவிடுவதால் அதிலுள்ள கரிமப்பொருள் மக்கிப் போகாமல் பெருமளவு புதைந்துவிடுகிறது.

கரசூர், வழுதாவூர் பக்கம் கடல் சிப்பி பதிந்த கல் கிடைக்கிறதே, அது ஏன் உள்ளே போகவில்லை?

அது கண்டத்தின் மேலேறிய ஆழமில்லாத கடலில் படிந்தது. டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியில் புதுச்சேரியை ஒட்டியும் விருத்தாசலம், அரியலூர்ப் பக்கமும் கடல் உள்ளே வந்திருந்தது. அந்தப் புதைபடிவங்களைப் பற்றி எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-லேயே விரிவாக எழுதியிருக்கிறார். கண்டத்தட்டு எடை குறைந்தது, எளிதில் அமிழாது. அதன் மேல் படிந்த சுண்ணாம்பு அப்படியே தங்கி, இன்று அரியலூரில் சிமென்ட் ஆலைக்குப் போகிறது. ஆழ்கடலில் படிந்த சுண்ணாம்புக்குத்தான் அகழிக்குப் போகும் பயணம்.

இதில் பலர் கவனிக்காத வரலாறு ஒன்று உண்டு. பூமியின் வாழ்நாளில் பெரும்பகுதி சுண்ணாம்பு கரையோரங்களிலேயே படிந்தது. ஓடு செய்யும் மிதவை உயிர்கள் கடந்த 20 கோடி ஆண்டுகளில் நடுக்கடலிலும் பெருகிய பிறகே ஆழ்கடல் தரைக்குச் சுண்ணாம்பு மழையாக இறங்கத் தொடங்கியது. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பூமியின் கவசத்துக்குப் போகும் சரக்கையே மாற்றிவிட்டன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.

திருவக்கரை கல்மரத்தையும் இதோடு சேர்த்துக் கேட்கிறார்கள். அங்கே மரத்தின் இடத்தைச் சிலிக்கா பிடித்துக்கொண்டது. கார்பன் பெரும்பாலும் போய்விட்டது.

உள்ளே போன கார்பனுக்கு என்ன ஆகும்?

முதலில், எல்லாமே உள்ளே போவதில்லை. ஏர் உழும்போது கொழுவின் முன்னால் மண் குவிவதைப்போல, இறங்கும் தட்டின் மேலுள்ள வண்டல் அகழியின் வாயில் சுரண்டப்பட்டு மேல் தட்டின் முன்னால் குவிகிறது. அந்தமான் தீவுகளின் மண்ணில் பெரும்பகுதி இப்படிக் குவிந்து மேலெழும்பியதுதான். வண்டல் தடித்த நம் பக்கத்து அகழியில் இந்தச் சுரண்டல் மிக அதிகம்.

தப்பி இறங்கியதற்கு மூன்று வழிகள். ஒன்று, சூடேறும்போது சுண்ணாம்பும் சிலிக்காவும் வினைபுரிந்து கரியமில வாயு பிரியும். மூன்றாவது கேள்வியில் சொன்ன சிதைவு வினை அப்படியே தலைகீழாக நடக்கிறது. இரண்டு, தட்டில் நீரைத் தம்முள் பிடித்து வைத்திருக்கும் கனிமங்கள் உடைந்து வெளிவிடும் நீர், கார்பனேட்டைக் கரைத்துக்கொண்டு மேலே ஏறும். தட்டு ஏறக்குறைய 100 கி.மீ. ஆழத்தை எட்டும்போது இந்த நீர் மேலுள்ள கவசத்தின் உருகுநிலையைக் குறைக்கிறது. பாறைக்குழம்பு உருவாகி எரிமலையாக வெளிவருகிறது. எரிமலை வரிசை அகழியிலேயே நிற்காமல் சற்றுத் தள்ளி நிற்பதன் காரணம் இந்த ஆழம்தான்.

மூன்றாவது வழி, எதற்கும் அசையாமல் இன்னும் கீழே போவது. குளிர்ந்து கனத்த தட்டில் கார்பனேட் 100 கி.மீ. தாண்டியும் திடமாகவே இருக்க முடியும். சில நூறு கி.மீ. ஆழத்தில் அது உருகி, சுற்றியுள்ள கவசத்தோடு கலந்து, வைரமாகவோ கிராஃபைட்டாகவோ உறையலாம்.

மனிதன் 100 கி.மீ. ஆழம் போனதே இல்லை. இதெல்லாம் எப்படித் தெரியும்?

நியாயமான கேள்வி. ரஷ்யாவின் கோலாவில் தோண்டிய மிக ஆழமான துளையே 12,262 மீட்டர்தான். ஆனால் ஆழத்திலிருந்து பொருள்கள் தாமாகவே மேலே வருகின்றன. எரிமலை வாயுவில் கார்பன்-13 என்ற சற்றே கனமான கார்பன் அணு எவ்வளவு என்று அளந்தால் அது கடல் சுண்ணாம்பிலிருந்து வந்ததா, உயிர்ப்பொருளிலிருந்து வந்ததா, கவசத்தின் பழைய கார்பனா என்று பிரித்தறியலாம். மூன்றுக்கும் விகிதம் வேறு.

பிரேசிலின் ஜுயினா பகுதி வைரங்கள் இன்னும் பெரிய சாட்சி. 660 கி.மீ.க்கும் கீழே உருவான சில வைரங்களுக்குள் கடலடி மேலோட்டின் கனிமச் சுவடுகள் சிக்கியிருந்தன. அவற்றின் கார்பன் விகிதமும் மேற்பரப்பிலிருந்து போன கார்பனுக்கு ஒத்து வந்தது. 2011-ல் வெளியான ஆய்வு இது. ஓமனிலும் ஆல்ப்ஸ் மலையிலும், அமிழ்தல் மண்டலத்தில் கிடந்த பாறைகள் மலையாக்கத்தில் மேலே தள்ளப்பட்டு வெளியில் நிற்கின்றன. கையில் சுத்தியலோடு அவற்றை நேரே போய்ப் பார்க்கலாம்.

நெய்வேலி நிலக்கரியைப் பூமி இன்னும் அழுத்தினால் வைரமாகிவிடும் அல்லவா?

ஆகாது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி கண்டத்தின் மேல் சில நூறு மீட்டர் ஆழத்துக்குள் கிடக்கிறது. வைரத்துக்குப் பொதுவாக 150 கி.மீ. ஆழத்து அழுத்தம் வேண்டும். அந்தப் படுகை அங்கே போக வழியே இல்லை. காலமும் ஒத்துவராது. இயற்கை வைரங்களில் பெரும்பாலானவை 100 கோடி ஆண்டுக்கு மேல் பழையவை; நிலத்தில் செடி முளைத்ததே அதற்கு வெகுகாலம் பின்னால்தான்.

ஒரு எரிமலை வெடித்தால் ஊரே புகையாகிறது. அதற்கு முன்னால் என் பைக் புகை எந்த மூலைக்கு?

இந்தக் கேள்வி கேட்கப்படாத கூட்டமே இல்லை. பதில் எண்ணில் இருக்கிறது. உலகிலுள்ள எல்லா எரிமலைகளும், கடலடி மலைத்தொடர்களும் சேர்ந்து ஆண்டுக்கு 28 முதல் 36 கோடி டன் கரியமில வாயுவை விடுகின்றன. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றால் மனிதர் விடுவது ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன். நூறு மடங்கு. எரிமலைப் புகை கண்ணில் பெரிதாகத் தெரிவது சாம்பலாலும் நீராவியாலும்.

நான் கணக்கு ஆசிரியை. அமிழும் கார்பனும் வெளிவரும் கார்பனும் சமமா? நீங்கள் தரும் எண்கள் இடிக்கின்றனவே?

முதலில் அலகைச் சரிசெய்துகொள்வோம். 44 டன் கரியமில வாயுவில் கார்பன் 12 டன்தான். ஆகவே மேலே சொன்ன எரிமலை அளவு, கார்பனாக 8 முதல் 10 கோடி டன். அமிழ்வதாகச் சொல்லப்படுவது ஆண்டுக்கு 4 முதல் 8 கோடி டன் கார்பன். வெளிவருவது கூடுதலாகத் தெரிகிறது என்று அந்த ஆசிரியை சரியாகவே பிடித்தார்.

ஆனால் இரண்டும் ஒரே கணக்கின் வரவும் செலவும் அல்ல. நடுக்கடல் மலைத்தொடரிலும் ஹவாய் போன்ற இடங்களிலும் வருவது பெரும்பாலும் கவசத்தின் கார்பன். அண்மையில் அமிழ்ந்தது அல்ல. இத்தாலியின் எட்னா போன்ற இடங்களில் ஏறிவரும் குழம்பு, வழியிலுள்ள பழைய சுண்ணாம்புப் படுகைகளையும் சுட்டு வாயுவைச் சேர்த்துக்கொள்கிறது. இவற்றைக் கழித்தால் அமிழ்ந்ததில் எவ்வளவு திரும்பியது என்பது சுருங்கிவிடும்.

மீதி எங்கே என்பதில்தான் அறிஞர்களிடையே வாதம். பீட்டர் கெலமென், கிரெய்க் மேனிங் இருவரும் 2015-ல், ஆழக் கவசத்துக்குப் போவது மிகக் குறைவாக இருக்கலாம், பெரும்பகுதி மேல் தட்டின் அடிப்பாறையிலேயே சிக்கித் தங்கலாம் என்றார்கள். முன் சொன்ன வைரங்களோ கொஞ்சமாவது கீழே போவதைக் காட்டுகின்றன. ஒவ்வொரு அகழியும் ஒவ்வொரு விதம் என்பதால் உலக முழுமைக்கும் ஒரே விகிதம் சொல்வதை நான் நம்புவதில்லை.

2004 நிலநடுக்கத்தில் கார்பன் பீறிட்டு வெளியே வந்திருக்குமா?

அப்படி இல்லை. அன்று தட்டு சில மீட்டர் முதல் 15 மீட்டருக்கு மேல் வரை நழுவியது. அமிழ்தல் என்பது இத்தகைய நழுவல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்ததன் மொத்தம். அந்த ஒரு நாளை மட்டும் பிரித்து எடுத்தால் கார்பன் கணக்கில் அது தெரியவே தெரியாது.

இமயமலை எழுந்ததால் பூமி குளிர்ந்தது என்று படித்தேன். உண்மையா?

அந்தக் கதையில் இந்தியாவுக்கு இரண்டு வேடங்கள். மோதலுக்கு முன் இந்தியத் தட்டு ஆண்டுக்கு 15 செ.மீ.க்கு மேல் வேகத்தில் வடக்கே ஓடியது. முன்னால் இருந்த டெதிஸ் கடலின் தரை, அதன் சுண்ணாம்போடு ஆசியாவின் கீழ் அமிழ்ந்தது. அந்த எரிமலைகள் விட்ட வாயு, 5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பெருவெப்பத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம். மோதல் தொடங்கியதும் வேகம் இன்றைய 5 செ.மீ. அளவுக்கு இறங்கியது, அந்த வாசல் மூடிக்கொண்டது.

பிறகு எழுந்த மலை, புதிய பாறையை மழைக்கு முன்னால் நிறுத்தியது. அதன் சிதைவு வாயுவை உறிஞ்சியே குளிர் வந்தது என்று மௌரீன் ரேமோ, வில்லியம் ருடிமன் 1992-ல் எழுதினார்கள். இன்று பலரும் சிதைவைவிட வங்கக் கடல் விசிறியில் புதைந்த கரிமப்பொருளுக்கு அதிக மதிப்புக் கொடுக்கிறார்கள். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

கரியமில வாயுவையும் குப்பையையும் அந்த அகழியில் கொட்டினால் பூமியே விழுங்கிவிடாதா?

ஆண்டுக்கு 5 செ.மீ. வேகத்தில் 100 கி.மீ. தூரம் போக 20 லட்சம் ஆண்டுகள். அதுவரை அது கடலிலேயே கிடக்கும். வண்டலைப்போல சுரண்டப்பட்டு வெளியேயும் தள்ளப்படலாம். பூமி செய்வதைப் பின்பற்ற வேறு நல்ல வழி உண்டு. ஐஸ்லாந்தில் 2012-ல் நீரில் கரைத்த கரியமில வாயுவைப் பசால்ட்டுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். இரண்டே ஆண்டுகளில் 95 விழுக்காட்டுக்கு மேல் கார்பனேட் கல்லாகிவிட்டது. நம் தக்காணப் பாறையும் பசால்ட்தான்.

பூமி தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்றால் நாம் ஏன் பதற வேண்டும்?

சரிசெய்துகொள்ளும் என்பது உண்மை. வெப்பம் கூடினால் மழையும் பாறைச் சிதைவும் கூடும், வாயு குறையும். குளிர்ந்தால் சிதைவு மந்தமாகும். எரிமலை விட்டது காற்றில் சேர்ந்து மீண்டும் சூடாகும். வாக்கர், ஹேய்ஸ், காஸ்டிங் ஆகியோர் 1981-ல் இதைத் தெளிவாக வகுத்தார்கள். இந்த ஏற்பாடு இல்லாத வெள்ளிக் கோளில் காற்று 96 விழுக்காடு கரியமில வாயு, வெப்பம் சுமார் 465 டிகிரி.

ஆனால் அதன் வேகத்தைப் பாருங்கள். 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் திடீரெனக் கார்பன் சேர்ந்து பூமி 5, 6 டிகிரி சூடேறியது. பழைய நிலைக்குத் திரும்ப ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த வாயுவை நாம் இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்குள் 420-க்கு மேல் ஏற்றிவிட்டோம். தென்பெண்ணை சுமந்து போகும் கால்சியம் அதைத் தீர்க்கும். ஆனால் கடலூரின் கரையோரத் தெருக்களுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. பூமியின் பொறுமையைக் காட்டி யாராவது நம்மைச் சமாதானப்படுத்தினால் நான் கடுமையாகவே மறுப்பேன்.

கவசத்திலிருந்து வந்த கார்பனை இங்கே தொட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். திருப்பத்தூர் மாவட்டம் சேவாத்தூரில் கார்பனடைட் என்ற பாறை இருக்கிறது. கவசத்தில் பிறந்த கார்பனேட் குழம்பு 75 கோடி ஆண்டுகளுக்கு முன்போ அதற்கும் சற்று முன்னரோ ஏறிவந்து உறைந்தது. பார்க்கச் சலவைக்கல் போலத் தோன்றும்; ஆனால் கடலில் படிந்தது அல்ல. தான்சானியாவில் ஓல்டோயின்யோ லெங்காய் எரிமலை மட்டும்தான் இன்றும் இப்படிப்பட்ட குழம்பைக் கக்குகிறது.

சேவாத்தூரில் வெர்மிகுலைட் என்ற கனிமத்தின் சுரங்கம் இருப்பதால் அனுமதி பெற்றே உள்ளே போக வேண்டும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு துளி விட்டால் கால்சைட் உள்ள துண்டு உடனே நுரைக்கும். டோலமைட் துண்டைப் பொடித்துவிட்டு விட வேண்டும். ஆசிரியர் துணையின்றி மாணவர்கள் அமிலத்தைத் தொடக் கூடாது.